பட்டியலின் ஆறாவது பெயர்

“எழுத்துரு கிடைக்கவில்லை” என்று கணினி மூன்றாம் முறையாக அறிவித்தபோது மணி ஒன்பதே முக்கால்.

சபையின் டீக்கன் எசேக்கியேல் டன்க்லியின் அடக்க ஆராதனை ஒரு மணிக்கு. படம், பாட்டு, வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகள் பட்டியல் எல்லாம் அடங்கிய கையேடு முந்நூறு பிரதி பதினொரு மணிக்குள் வேண்டும். சான்டா குரூஸ் ஊரில் கையேடு இல்லாத சாவு, மோதிரம் இல்லாத கல்யாணம் மாதிரி.

பக்கங்களை வடிவமைத்தவர் டீக்கனின் மூத்த மகள் அந்தோனெட் டீச்சர். வீட்டுக் கணினியில் செய்து, பென்டிரைவில் போட்டு, மாதிரிக்கு ஒரு தாளும் அச்செடுத்துக் கொடுத்திருந்தார். எழுத்துருவைச் சேர்த்துத் தர மறந்துவிட்டார். அவருடைய போனோ அணைந்து கிடந்தது.

அச்சகத்தில் கணினி வேலை பார்க்கும் வெர்னிஸ் இன்னொரு முறை அவருக்கு அடித்துப் பார்த்தாள்.

“இருக்கிற எழுத்துல அடிச்சிரேன்” என்றார் முதலாளி லின்டோ, சுட்ட சீமைப்பலாவை மென்றபடி. “செத்தவருக்கு எந்த எழுத்தா இருந்தா என்ன?”

“செத்தவர் படிக்கப்போறதில்ல சார். மிச்ச முந்நூறு பேர் படிப்பாங்க.”

கணினி தானே தேர்ந்த எழுத்தைப் போட்டுப் பார்த்தாள். அது பெருத்த எழுத்து. பாட்டின் கடைசி அடி பக்கத்துக்கு வெளியே போய், டீக்கன் பரலோக வாசலிலேயே நின்றுவிட்டார்.

இணையத்தில் தேடி, கிட்டத்தட்ட அதே பெயருள்ள ஒன்றை இறக்கினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எண்களே கிடையாது. டீக்கன் ‘கட்டம் கட்டம்’ ஆண்டில் பிறந்து ‘கட்டம் கட்டம்’ ஆண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

“மணி பத்தரை” என்றார் லின்டோ. “கடவுள் காத்திருப்பார். பாஸ்டர் காத்திருக்க மாட்டார்.”

கடைசியில், பல்பொருள் கடையின் விலைப்பட்டியலுக்குப் பயன்படுத்தும் ஒல்லி எழுத்தைப் போட்டாள். எல்லாம் கச்சிதமாக அடங்கியது. அச்சடித்து, மடித்து, பெட்டிகளைச் சவ அடக்க நிலையத்தின் வண்டியில் ஏற்றிவிட்டு, மேசையில் மிஞ்சிய ஒரு பிரதியை மாதிரித் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

மாதிரியில் ஐந்து பிள்ளைகள். கையேட்டில் ஆறு.

ஆறாவது பெயர்: கென்ரிக்.

அந்த நேரம் பார்த்து அந்தோனெட் டீச்சரே போனில் வந்தார்.

“டீச்சர், கென்ரிக்னு ஒரு பேர்...”

மறுமுனையில் ஒரு அலறல். “அது எப்படி வெளிய வந்துச்சு? அப்பா சாகுறதுக்கு முந்தி தன் கையால எழுதிக் கொடுத்த பட்டியல். அழிக்க மனசு வரல. அந்தப் பேர் தெரியாத அளவுக்குக் கட்டத்தைக் குறுக்கி வச்சேன்.”

வெர்னிஸுக்குப் புரிந்தது. ஒல்லி எழுத்து இடத்தை மிச்சப்படுத்தி, கீழே ஒளிந்திருந்த வரியை மேலே இழுத்து வந்திருக்கிறது.

“அவன் அப்பாவுக்கு வேற ஒருத்திகிட்டப் பிறந்த வெளிப்பிள்ளை. ஊரே குசுகுசுன்னு பேசுற விஷயம். அம்மா அங்க முன்வரிசையில உக்காந்து அதைப் படிக்கணுமா? அழிச்சிரு, வெர்னிஸ்! எப்படியாவது அழிச்சிரு!”

பின்சீட்டில் ஐந்தாவது ஆளாக நசுங்கியபடி டாக்சியில் தேவாலயம் போய்ச் சேர்ந்தாள். பெட்டிகள் வாசலில் இருந்தன. கறுப்பு மார்க்கரை எடுத்து, குனிந்து, ஒவ்வொன்றிலும் அந்தப் பெயரைப் பூசத் தொடங்கினாள். நாற்பது பூசுவதற்குள் வரவேற்பாளர்கள் அந்த நாற்பதையும் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

பூசாமல் விட்டிருந்தால் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத் திருப்பியே இருக்க மாட்டார்கள். இப்போது பூ வைத்த தொப்பி போட்ட பெண்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

“வெளிச்சத்துல பிடிடி, தெரியுது. ‘கெ’... ‘ன்’...”

“கென்ரிக்கா! பிளாக் ரிவர் ஊர்ல இருக்கானே, டீக்கன் ஜாடையே கிடையாதுன்னு சொல்வாங்களே, அவனா?”

“ஜாடை இல்லாட்டி என்ன? பாவம் இருக்குதே!”

“பாவம் அவர் சம்சாரம் மிஸ் இசில்டா. இத்தனை வருஷமா வாயைத் திறக்காம இருந்துச்சு.”

மார்க்கரும் காய்ந்துபோனது. அந்தோனெட் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தார். “அழிக்கச் சொன்னா விளம்பரமா பண்ணியிருக்க?”

“தண்ணி தொட்டுத் துடைச்சா...” என்று தொடங்கிய வெர்னிஸ் பாதியில் நிறுத்தினாள்.

விதவை மிஸ் இசில்டா, வெள்ளைக் கையுறையும் கைத்தடியுமாக, இருக்கை வரிசைகளின் நடுவழியே வந்துகொண்டிருந்தார். தேவாலயத்தில் கைவிசிறிகள் நின்றன. கிழவி ஒரு கறுப்புப் பூசிய பிரதியையும் பூசாத பிரதியையும் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த மையைப் பூசினது யாரு?”

“நான்தான் மிஸ் இசில்டா” என்றாள் வெர்னிஸ். “என் தப்புதான். எழுத்து மாறிப்போச்சு, ஒளிஞ்சிருந்த பேர் வந்துருச்சு. டீக்கனோட பேர் கெட்டுறக் கூடாதுன்னு...”

மிஸ் இசில்டா பூசாத பிரதியை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

“அவர் பேர் நாப்பது வருஷமா எனக்காகக் கெட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு, மகளே. கென்ரிக், கல்யாணத்துக்கு முந்தி நான் வேற ஒருத்தருக்குப் பெத்த பிள்ளை.”