கணினிக்கு விடுதலை வாங்கித் தருகிறவர்

கணினிகளுக்கு விடுதலை வாங்கித் தருகிறவர்கள் என்று மனிதரில் ஓர் இனம் இருக்கிறது. கல்யாண வீட்டில் எல்லோரும் மணமக்களைப் பார்க்க, இவர் வீடியோக்காரரின் மடிக்கணினியை எட்டிப் பார்ப்பார், சாவு வீட்டில்கூட, துக்கம் விசாரித்த கையோடு, "உங்க கம்ப்யூட்டர்ல என்ன ஓடுது?" என்பார். எங்கள் குடும்பத்துக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார்: என் தங்கையின் மூத்த மருமகன்.

அவர் சொல்லும் கதையை நாற்பது தடவையாவது கேட்டிருக்கிறேன். எங்கோ குளிர் தேசத்தில் ஒரு கல்லூரி மாணவர், கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தாராம். எழுதியதைப் பூட்டி வைக்காமல், எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள் என்று உலகத்துக்கே திறந்துவிட்டாராம். முகம் தெரியாத ஆயிரம் பேர் ஆளுக்கொரு கை கொடுத்தார்களாம். நல்ல கதைதான், யார் இல்லை என்றது? அடுப்பில் பால் பொங்கி வழியும்போது சொன்னால்தான் சங்கடம்.

தங்கையின் இளைய மகள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஒரு காலை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, கடையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்த மாப்பிள்ளை, கணினியில் இருந்ததை அழித்து அந்தத் திறந்த மென்பொருளைப் போட்டு, அதை விடுதலை செய்துவிட்டார். அவள் திரும்பி வந்தாள். பின்னாலேயே ஒரு பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, ஹால் டிக்கெட் ஒரு பிரிண்ட். பத்து மணிக்கு கேட்டை மூடிடுவாங்க!"

மணி ஒன்பது. தங்கை மகள் பிரிண்ட் பொத்தானை அழுத்தினாள். அசைவில்லை.

"அத்தான், பிரிண்டரே இல்லைங்குதே!"

"தப்பு பிரிண்டர் மேலதாம்மா. அதைச் செஞ்சவன் ரகசியத்தைப் பூட்டி வச்சிருக்கான்."

"பிரசங்கம் அப்புறம். தாள் வருமா, வராதா?"

"இன்டர்நெட்ல உலகத்தையே கேட்டிருக்கேன், இரு."

பத்து நிமிடத்தில் இருபத்து மூன்று பதில்கள். ஒருவர், முதலில் விளக்கக் குறிப்பைப் படி என்றார். இன்னொருவர், அந்த மென்பொருளில் இந்த ரகத்தை ஏன் போட்டாய், என் ரகத்தைப் போட்டிருக்கலாமே என்றார். மூன்றாமவர் இரண்டாமவரை ஏசினார். நான்காமவர், இந்தக் காலத்தில் காகிதம் எதற்கு என்று கேட்டார். மற்றவர்கள் கட்சி பிரிந்தார்கள்.

"பாத்தியா, சல்லிக்காசு வாங்காம எத்தனை பேர் ஓடி வர்றாங்க!" மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. அந்தப் பெண்ணுக்கும் கலங்கியது. காரணம்தான் வேறு.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், எந்த நாட்டுப் புண்ணியவதியோ, இரண்டே வரிக் கட்டளை எழுதியிருந்தாள். மாப்பிள்ளை அப்படியே தட்டினார். பிரிண்டர் உறுமியது, தாள் வந்தது. மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். திரும்பினால் கடையில் ஈ காக்கை இல்லை. அதனால் என்ன? உலகத்துக்கு நன்றி எழுத உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் உங்கள் மனம் என்ன கேட்டது? அந்தப் பெண் பரீட்சை எழுதினாளா என்றா? எழுதினாள். தங்கை மகள் அவளை முன்பே வண்டியில் ஏற்றி, அடுத்த தெருக் கடையில் தாள் எடுத்து, வாசலில் இறக்கிவிட்டிருந்தாள். இப்படிக் கேட்டவர்கள் மாப்பிள்ளையின் இனமில்லை, பயமில்லை.

"அந்த இரண்டு வரி என்ன?" என்று கேட்டவர் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். என் கைபேசியைத் தொடாதீர்கள்.