பிரிண்டருக்குப் பொட்டு வைத்த கதை

புது மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தால், அதை எப்படி ஓட்டுவது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் அதற்குப் பொட்டு வைத்துவிடுகிற ஆட்கள் நாங்கள். டிராக்டர் வந்தாலும் சரி, மாவு அரைக்கிற கிரைண்டர் வந்தாலும் சரி, முதலில் சந்தனம், குங்குமம்; அப்புறம்தான் சுவிட்ச். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காரியத்தை என்னைப் போன்ற ஓர் ஆள் கொஞ்சம் தாராளமாகச் செய்யும்போதுதான் தப்பு வருகிறது.

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். கூத்தாநல்லூர் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறேன். பம்புசெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். (கண்ணைத் திறந்துகொண்டு மாட்டினால்தான் ஒரு நட்டு மிச்சமாகிவிடும்.) அந்தத் தைரியத்தில்தான் பிரிண்டர் வாங்கப் போனேன்.

கேட்டது என் மகள் கயல். அப்போது ஏழாம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்தாள். அவளுடைய தோழி நஸ்ரின் எங்கள் தெருவிலேயே இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே சண்டை, ஒரே மாங்காய். நஸ்ரினின் அத்தாவுக்கு மலேசியாவில் வேலை. குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொள்ள எல்லாம் கூடிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கார் கிளம்பும் என்று சொல்லிவிட்டார்கள்.

கயல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். அட்டைகளை நூலால் கோத்து, தங்கக் கலர் ஓரங்களை ஒட்டி, ஒரு ஆல்பம் செய்துவிட்டாள். பார்த்தால் கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. ஒரே குறை, உள்ளே போட்டோ இல்லை. போட்டோ எல்லாம் என் போனில் இருந்தன.

"போன்லயே அனுப்பிவிட்டா போதாதா?" என்றேன்.

"போன்ல அனுப்புனா கீழ கீழ போயிரும்பா. உங்க குட்மார்னிங் மெசேஜுக்கெல்லாம் அடியில போய்க் கெடக்கும். அவ கையில வச்சுப் பாக்கணும்."

"அப்ப ஸ்டூடியோல குடுப்போம்."

"ஸ்டூடியோல எல்லாம் ஒரே அளவுலதான் வரும். எனக்கு வெட்டணும், ஒட்டணும், தப்பா வெட்டுனா மறுபடி எடுக்கணும். வீட்லயே எடுக்குற சின்ன பிரிண்டர் இருக்குப்பா."

இருக்கிறதா என்று பார்க்க, வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் ஒரு பெண் நின்றார். பொறுமைசாலி. மேஜையில் மூன்று பிரிண்டர்களை எடுத்து வைத்தார். நான் சந்தையில் கோழி வாங்குகிறவன் போல ஒவ்வொன்றையும் தூக்கிக் கனம் பார்த்தேன்.

"இது எத்தனை எச்.பி.ங்க?" என்று கேட்டேன்.

"சார்?"

"மோட்டார்ங்க. மோட்டார் எத்தனை எச்.பி.?"

"அப்பா..." என்றாள் கயல், உதட்டை அசைக்காமல்.

அந்தப் பெண் சிரிக்காமல் விளக்கினார். முதல் பிரிண்டர் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது. அதற்கு மையே வேண்டாம். தாளிலேயே கலர் இருக்கிறதாம், பின்பக்கம் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுமாம். ஆனால் போட்டோ சீட்டுக்கட்டுச் சீட்டை விடச் சின்னதாக, கொஞ்சம் மங்கலாக வந்தது. இரண்டாவது பெரியது, மை ஊற்றுவது. கடிதமும் அடிக்கும், போட்டோவும் அடிக்கும். "ஆனா சும்மாவே போட்டு வச்சீங்கன்னா மை காஞ்சு அடைச்சிக்கும் சார். அப்பப்ப ஓட்டிக்கிட்டே இருக்கணும்" என்றார். மூன்றாவது டிபன் பாக்ஸ் அளவு. உள்ளே மைக்குப் பதிலாக ரிப்பன். போஸ்ட் கார்டு அளவில் போட்டோ மட்டும்தான் அடிக்கும், வேறு எதுவும் தெரியாது.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ஏனென்றால் அதுதான் கனமாக இருந்தது.

கயல் அந்தப் பெண்ணிடம் மாதிரிப் போட்டோக்களை வாங்கினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, விரலை நனைத்து, ஒவ்வொன்றிலும் தேய்த்தாள். மை பிரிண்டரில் எடுத்த போட்டோவில் ஒரு அண்ணனின் மீசை கன்னம் வரைக்கும் போனது. ரிப்பன் போட்டோ அப்படியே இருந்தது.

"பசை பட்டா அழியக் கூடாதுப்பா. நஸ்ரின் வேற, பாத்தா அழுவா. அதுலயும் அழியக் கூடாது. இதான் வேணும்" என்றாள்.

கையிலிருந்த கனமான பிரிண்டரை நான் மேஜையிலேயே திரும்ப வைத்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று கடை முழுக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

கயல் பசையும் கலர் டேப்பும் எடுக்க அடுத்த பக்கம் போனாள். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வயல்காரர் போன் செய்தார். "அண்ணே, உங்க மோட்டாரு தண்ணி எடுக்கல, வெறுமன சுத்துது!" நான் போனில் கத்திக்கொண்டிருந்தபோது, கடைப்பெண் பிரிண்டரைத் தொட்டுக் காட்டி, கையை முன்னும் பின்னுமாக ஆட்டி ஏதோ முக்கியமாகச் சொன்னார். நான் நன்றாகத் தலையாட்டினேன். அவரும் 'புரிந்துவிட்டது' என்று நம்பி விட்டுவிட்டார். பாவம்.

வீட்டுக்கு வந்ததுமே பெட்டியைப் பிரிக்கக் கயல் துடித்தாள்.

"கூடாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில பூஜை போட்டுட்டு ஆரம்பிப்போம்" என்றேன்.

"அப்பா, நாளைக்குத்தான்பா அவ போறா!"

"மத்தியானம்தானே போறா? காலையில மளமளன்னு முடிச்சிரலாம்."

(மளமளவென்று என்கிற சொல்லை அதற்குப் பிறகு நான் எங்கேயும் உபயோகிப்பதில்லை.)

மறுநாள் காலை குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பிரிண்டரை ஸ்டூலில் வைத்தேன். பக்கத்தில் மஞ்சள் பிள்ளையார். என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்தே எச்சரித்தாள்.

"ஒரு பொட்டு போதுங்க. அது கரண்டு சாமான்."

மஞ்சளும் குங்குமமுமாக ஒரு பொட்டு வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மற்ற பக்கங்கள் கோபித்துக்கொள்ளும் என்று நாலு பக்கமும் வைத்தேன். தாள் வைக்கிற தட்டுக்கும் ஒன்று. வயருக்கு ஒன்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்று பார்த்தால் சக்கரமே இல்லை. கற்பூரம் காட்டி முடித்தபோது அந்தப் பிரிண்டர் திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது.

கயல் போனில் முதல் போட்டோவைத் தொட்டாள். வயல் வரப்பில் அவளும் நஸ்ரினும் தோளில் கை போட்டு நிற்கிற படம். பிரிண்டர் 'கிர்ர்' என்றது. தாள் மெதுவாக வெளியே வந்தது.

முழுக்க மஞ்சள்.

வானம் மஞ்சள், வயல் மஞ்சள், இரண்டு பிள்ளைகளின் முகமும் மஞ்சள்.

"ஐயோ, மஞ்சள் உள்ள போயிருச்சு!" என்று நான் அலறினேன். தாள் தானாகவே திரும்ப உள்ளே போகப் பார்த்தது. விடுவேனா? சேற்றில் மாட்டின கன்றுக்குட்டியை இழுப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டேன். பிரிண்டர் விக்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

துண்டை எடுத்துத் துடைத்தேன். ரிப்பனைக் கழற்றி ஊதினேன். எல்லாப் பொட்டையும் அழித்தேன். பிள்ளையாரை எடுத்து அடுத்த அறைக்கு அனுப்பினேன். மறுபடி போட்டோம். மறுபடியும் மஞ்சள். மறுபடியும் இழுத்தேன்.

மூன்றாவது தாளை இழுக்கப் போகும்போது கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தாள் உள்ளே போய், மறுபடி வெளியே வந்தது. இப்போது படம் செக்கச்செவேல் என்று இருந்தது.

செல்வி அடுப்படியை விட்டே வந்துவிட்டாள். "பாத்தீங்களா? இப்ப குங்குமமும் வந்திருச்சு! நான்தான் ஒரு பொட்டு போதும்னேனே!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மஞ்சள் வைத்தேன், மஞ்சள் வந்தது. குங்குமம் வைத்தேன், குங்குமம் வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அதையும் இழுத்துவிட்டேன்.

கடைக்குப் போன் போட்டோம்; யாரும் எடுக்கவில்லை. பெட்டியோடு வந்த தாள் கொஞ்சம்தான். அதில் மூன்று போய்விட்டன. கயல் அழவில்லை. ஆல்பத்தின் வெறும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். தெருவில் நஸ்ரின் வீட்டு வாசலில் காரில் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்குகிற சத்தம் கேட்டது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

"இன்னும் ஒரு தடவைப்பா" என்றாள். "அம்மா, நீங்க அப்பா கையைப் பிடிச்சுக்கங்க."

செல்வி பிடித்தாள். (கல்யாணத்தன்று பிடித்ததை விட இறுக்கமாக.)

தாள் வந்தது. மஞ்சள். உள்ளே போனது. வந்தது. குங்குமம். என் கை துடித்தது. தாள் மறுபடி உள்ளே போய், மூன்றாவது தடவையாக வெளியே வந்தது.

வானம் நீலமாக இருந்தது. கயலின் பாவாடை நீலமாக இருந்தது. வயல், பச்சைப் பசேல் என்று, நான் நட்ட வயல் மாதிரியே இருந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம். "நீலம் எப்படி வந்துச்சு?" என்றேன்.

"என்னைக் கேட்டா?" என்றாள் செல்வி.

"நான் நீலம் எங்கயும் வைக்கலயே. நீ துணிக்குப் போடுற சொட்டு நீலத்தை இங்க எங்கயாவது..."

"பிரிண்டருக்கு நான் எதுக்குங்க சொட்டு நீலம் போடுறேன்? வெள்ளை வேட்டியா அது?"

நாங்கள் நீலத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்ததில் தாளை இழுக்க மறந்துபோனோம். அது நாலாவது தடவையும் அமைதியாக உள்ளே போய்ப் பளபளவென்று வெளியே வந்து தட்டில் விழுந்தது.

கயல் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்பா... அது ஒவ்வொரு கலரா அடிக்குதுப்பா. மொதல்ல மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம். கடைசியா மேல ஏதோ பூசுது. உள்ள மஞ்சளும் போகல, குங்குமமும் போகல. நீங்கதான் பாதியில இழுத்திருக்கீங்க!"

அப்போதுதான் கடைப்பெண்ணின் கை முன்னும் பின்னுமாகப் போனது என் கண்முன்னால் வந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. மிச்சத் தாள் போதாது என்று தெரிந்ததும் கயல் போனில் தேடி, ஒரே தாளில் பல படங்களைச் சின்னச் சின்னதாகப் போடும் வழியைக் கண்டுபிடித்தாள். செல்வி வெட்டினாள், கயல் ஒட்டினாள். வெட்டி எறிந்த துண்டுகளைப் பொறுக்குகிற வேலை மட்டும் எனக்குக் கிடைத்தது. வீணாய்ப்போன மூன்று தாள்களையும் அடுப்பில் போட எடுத்தேன். கயல் பிடுங்கிக்கொண்டாள்.

"இதுவும் அவதான். இதையும் ஒட்டணும்."

மஞ்சள் நஸ்ரினை முதல் பக்கத்தில் ஒட்டினாள். அடுத்து இன்னொரு மஞ்சள். அதற்கடுத்து செக்கச்செவேல் நஸ்ரின். அப்புறம்தான் எல்லாக் கலரும் வந்த படம்.

பசை காய்வதற்குள் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மூன்று பேரும் ஓடினோம். நஸ்ரின் ஏற்கனவே கார் சன்னலில் அழுது முடித்து, அடுத்த அழுகைக்குத் தயாராக இருந்தாள். கயல் ஆல்பத்தை நீட்டினாள். நஸ்ரின் முதல் பக்கத்தைத் திறந்தாள். திருப்பினாள். இன்னும் ஒன்று திருப்பினாள்.

"என்னடி இது? நமக்கு எப்ப மஞ்சக்காமாலை வந்துச்சு?"

"எங்கப்பாவைக் கேளு" என்றாள் கயல்.

தெருவில் நின்றபடியே முழுக் கதையையும் சொன்னாள். என்னைப் போலவே இழுத்துக் காட்டினாள். நஸ்ரினின் அம்மா சிரித்த சிரிப்பில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். நஸ்ரின் கண்ணீரோடு சிரித்தாள், சில சொட்டுகள் போட்டோவில் விழுந்தன. போட்டோ அழியவில்லை. கார் திரும்புகிற வரைக்கும் அவள் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'இழுத்துடாதீங்க' என்பது ஒரு மந்திரமாகிவிட்டது. சோறு வெந்துவிட்டதா என்று மூடியைத் திறக்கப் போனால் செல்வி சொல்வாள், "இன்னும் மஞ்சள்லதான் இருக்கு, இழுத்துடாதீங்க." ஆற்றில் தண்ணீர் வந்தும் கடைமடைக்கு வரவில்லையே என்று நான் புலம்பினால் கயல் சொல்வாள், "நீலம் வரட்டும்பா."

மலேசியாவில் பள்ளிக்கூடம் திறந்ததும் நஸ்ரின் குரல் செய்தி அனுப்பினாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "யாரும் என்கூடப் பேச மாட்டேங்குறாங்கடி. அவங்க பேசுறதும் புரியல. ஊருக்கே திரும்பி வந்துரலாம்னு அம்மாகிட்ட அழுதேன். ஒரே மஞ்சளா இருக்கு."

கயல் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "இருடி. எங்கப்பா மாதிரி பாதியிலயே இழுத்துடாத."

கொஞ்ச நாள் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. நஸ்ரின் நடுவில் நிற்கிறாள். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, மூன்று பேருக்கும் வாயெல்லாம் பல். கீழே எழுதியிருந்தாள்: 'நீலம் வந்துருச்சு.'

கயல் உடனே பிரிண்டரை எடுத்துவந்து வைத்தாள். தாள் வந்தது. முழுக்க மஞ்சள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.