டவுட்டு நைனாவின் கண்ணாடி வேன்

சித்தூர் ஜில்லாவிலேயே தன் நிழலிடம்கூட 'நீ யாரு, எந்த ஊரு?' என்று விசாரித்த ஒரே மனிதர் டவுட்டு நைனாதான். டீக்கடையில் முதல் வாயைக் கடைக்காரர் குடித்துக் காட்ட வேண்டும். அமெரிக்கா போன மகன் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்தால், "நம்ம வூட்டு எருமை பேரு இன்னா, சொல்லு" என்பார். பதில் சரியாக வந்த பிறகுதான் "நல்லா கீறியாப்பா?" எல்லாம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்த காலம். அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்த எவனோ லாட்ஜ் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறான் என்பது நைனாவின் தீராத சந்தேகம். அதனாலேயே மனைவி ராஜம்மாவை ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்க வைத்ததில்லை. அந்த அம்மாவுக்கோ ராமேஸ்வரம் போய்க் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. முட்டி வேறு வலிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் நடக்கிற காரியமில்லை.

கடைசியில் நைனாவே வழி கண்டுபிடித்தார். கல்யாண ஊர்வலத்துக்கு ஓடிய ஒரு பழைய வேனை வாங்கி, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் நான் வைத்திருந்த, வண்டிகளுக்கு பாடி கட்டும் ஷெட்டுக்குக் கொண்டு வந்தார். கட்டில், அடுப்பு, தண்ணீர் டாங்க் எல்லாம் வைத்து அதையே வீடாக்க வேண்டுமாம்.

வாங்கும்போது எஞ்சினைச் சந்தேகப்பட்டார், டயரைச் சந்தேகப்பட்டார், ஆர்.சி. புக்கை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திரை போட்டிருந்த பின்பக்கத்தை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஷெட்டில் கதவைத் திறந்தால், சுவர், கூரை எங்கும் கோந்து போட்டு ஒட்டிய கண்ணாடி. கண்ணாடிக்கு ஒரு நைனா எங்களை முறைத்தார்.

"எல்லாத்தையும் பேத்துடு. பின்னாடி எவனோ கீறான்."

"நைனா, பின்னாடி தகரம். அதுக்கும் பின்னாடி ரோடு. ஆள் இருக்கணும்னா வண்டி கூடவே ஓடணும்."

"ஓடுவான். இப்பதான் கம்பெனி சம்பளம் குடுக்குதே!"

ஒட்டிய கண்ணாடியைப் பெயர்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. சில் சிதறாமல் இருக்க முகப்பில் பேப்பர் ஒட்ட வேண்டும். வெளியே தகரத்தில் வெந்நீர் ஊற்றிக் கோந்தை இளக்க வேண்டும். அப்புறம் நகரி விசைத்தறிக்காரர்களிடம் வாங்கிய நைலான் நூலைப் பின்னால் விட்டு, ஆளுக்கொரு முனை பிடித்து அறுக்க வேண்டும். மறுமுனையை வேறு யாரிடமும் தர மாட்டேன் என்று நைனாவே பிடித்துக்கொண்டார்.

"செய்தி இருக்கிற பக்கத்தைக் கண்ணாடி பக்கம் வெச்சு ஒட்டு. நம்மளப் பாக்காம பேப்பர் படிச்சிக்கினு இருப்பான்."

ஒரு கண்ணாடிக்குப் பின்னால் செத்த கரப்பான்பூச்சி கிடந்தது. அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, "இத்த யாரு அனுப்சது?" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி மட்டும் மிஞ்சியபோது ராஜம்மா வந்து சேர்ந்தார்.

"இது இருக்கட்டும். நான் பொட்டு வெச்சிக்க வேணாமா?"

"கைக்கண்ணாடி வாங்கித் தர்றேன்மே."

"அதுல கொசுவம் தெரியுமா? இது போச்சுன்னா நான் வர்ல. நீயே போய் சமுத்திரத்தப் பாத்துக்கினு வா."

சொல்லிவிட்டு ஷெட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நைனா நூலும் கையுமாக நின்றார். கண்ணாடியைப் பார்த்தார், ராஜம்மாவைப் பார்த்தார். அந்த நூல் உள்ளே போனால் ராமேஸ்வரம் அவ்வளவுதான். கடைசியில் நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரே, வெச்சிக்கோ போ" என்று கீழே இறங்கினார்.

ராஜம்மா ஏறி, சந்தோஷமாகத் திரையை இழுத்துவிட்டார். நான் நைனாவைத் தேடிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். அந்தக் கண்ணாடி ஒட்டியிருந்த இடத்துக்கு நேர் வெளியே, கொளுத்தும் வெயிலில், தகரத்தோடு முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா பண்றே?"

"கத்தாதே. அவ பொட்டு வெச்சிக்கினு கீறா. இந்தப் பக்கம் எவனையும் வுடாதே."

ராமேஸ்வரம் போய் வரும்வரை வண்டி நின்ற ஊரிலெல்லாம் அப்படியே நின்றாராம். ராஜம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.