சிங்க் ஓரத்துப் பங்காளி

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவன் நான். தொலைநோக்கு எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? அதனால்தான் பங்குச்சந்தையில் குதிப்பதென்று முடிவெடுத்தேன்.

யோசனை, என் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரருடையது.

"செல்போன் கம்பெனி ஒண்ணு பெரிய குறியீட்டுப் பட்டியல்ல சேரப்போகுது சார். அந்தப் பட்டியலைப் பாத்து முதலீடு பண்ற ஃபண்டெல்லாம் இந்தப் பங்கை வாங்கியே ஆகணும். எல்லாரும் வாங்கினா?"

"விலை ஏறும்!"

"அவங்களுக்கு முன்னாடி நாம வாங்கிட்டா?"

அவ்வளவுதான். கண் பரிசோதனை மிஷினுக்குச் சேர்த்த பணம் முழுக்கப் பங்காக மாறியது. மனைவியிடம் மூச்சுவிடவில்லை. லாபத்தோடு வந்து சொல்லும்போது அவள் வாயடைத்து நிற்க வேண்டும். அதுதான் என் ஆசை.

கையோடு வீட்டில் எல்லா போன் இணைப்பையும் அதே கம்பெனிக்கு மாற்றினேன்.

"எதுக்கு திடீர்னு?" என்றாள்.

"நல்ல கம்பெனி. நானும் ஒரு வகையில பங்காளி மாதிரி..." வாய் தவறிவிட்டது.

"பங்காளின்னா சண்டைதானே வரும்?" என்றபடி தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

சண்டை வரவில்லை. சிக்னலும் வரவில்லை. ஹாலில் இல்லை, படுக்கையறையில் இல்லை, தெருமுனை வரை இல்லை. சமையலறை சிங்குக்கு மேலே, ஜன்னலோரம் மட்டும் இரண்டு கோடு.

பட்டியலில் சேரும் நாளன்று கடைக்கு லீவு. போனை ஜன்னலில் சாய்த்துவிட்டு சிங்க் முன்னால் நின்றேன். விலை ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க, சிலை மாதிரி நிக்கிறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா நிக்கிறதுக்கு இந்த டம்ளரைக் கழுவலாமில்ல?"

கழுவினேன். விலை ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் விற்கலாம். தட்டுகள் வந்தன.

"குக்கர்?"

"குடு."

"அடிப்பிடிச்ச சட்டி?"

"அதையும் குடு!"

விலை ஏறும்போது மனிதன் எவ்வளவு தாராளமாகிவிடுகிறான்! பரணில் கிடந்த கல்யாணப் பாத்திரங்கள்கூட இறங்கி வந்தன. அப்புறம் கொஞ்ச நேரம் அவளைக் காணோம். நிம்மதியாகத் தேய்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் விலை வழுக்கியது. பதறிப்போய் விற்கலாமென்று தொட்டால், சோப்பு நுரையில் என் விரலை விரலென்றே போன் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினேன். இருந்த இரண்டு கோடும் மறைந்தன. அவை திரும்பி வந்தபோது, பங்கு நான் வாங்கின விலைக்கும் கீழே கிடந்தது.

மருந்துக்கடைக்காரரை அழைத்தேன்.

"நம்மள மாதிரியே ஊரெல்லாம் முன்னாடியே வாங்கி வச்சிருந்தாங்களாம் சார். இன்னைக்கு மொத்தமா வித்துட்டாங்க" என்றார், சாவு வீட்டுக் குரலில்.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தால், காபியை நீட்டினாள்.

"தெரியும். சிக்னல் சரியா இல்லாம நீங்க மருந்துக்கடை அண்ணன்கிட்ட போன்ல கத்திப் பேசின ரகசியம் தெருவுக்கே கேட்டுச்சு. நானும் தையல் காசுல கொஞ்சம் வாங்கினேன்."

"ஐயோ! உனக்கும் நஷ்டமா?"

"நான் காலையிலயே வித்துட்டேனே. கவலைப்படாதீங்க, உங்க மிஷினுக்குக் குறையறதை நான் போடறேன்."

"வித்தியா? நாள் பூரா சிங்க் முன்னாடி நான்தானே நின்னேன்! உனக்கு எங்கே சிக்னல் கிடைச்சுது?"

"மாடியில. அங்க அருமையா வருதுங்க. உடனே உங்ககிட்ட சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன்..." பளபளவென்று அடுக்கியிருந்த பாத்திரங்களைத் திருப்தியோடு பார்த்தாள். "வந்து பாத்தா, பாதிப் பாத்திரம் அப்படியே பாக்கி இருந்துச்சு."