வலெட்டா அண்ணையின் கதிரைகள்

லண்டனில் தெருப் போடவும் பாலம் கட்டவும் திட்டம் தீட்டவும் எத்தனையோ பேர் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் இந்த நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று முழுதாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் தெருவில் குடியிருந்த வலெட்டா அண்ணை. கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து சேரும் வழியில் மால்ட்டா தீவில் இறங்கி, அதன் குட்டித் தலைநகரான வலெட்டாவில் ஒரு கோடைகாலம் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியவர். அவ்வளவுதான். ஆனால் பேச்சைக் கேட்டால் அந்த ஊரையே இவர்தான் கட்டிக் கொடுத்தார் என்று நினைப்பீர்கள்.

"வலெட்டாவில பின்னேரமானால் சனம் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திடும். இஞ்ச? பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் பார்சல் திரும்பிப் போனால்தான் தெரியும்!"

சொன்னதோடு நிற்கவில்லை. தானும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி, பாவம், மனிதர் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று பூட்டுத் திறப்பவனுக்குப் போன் போட்டுவிட்டார். இன்னொரு நாள் பஸ் தரிப்பில் உட்காரும் வாங்கு சரிவாக இருக்கிறது என்று வீட்டுக் கதிரையைக் கொண்டுபோனார். பஸ் வந்ததும் கதிரையோடு ஏறினார். சாரதி முறைத்தார். "சீட் இல்லாட்டி என்ன செய்யிறது?" என்று அண்ணை தமிழிலேயே கேட்டார்.

வலெட்டா என்ற பெயரைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் கவுன்சில் எங்கள் தெருவின் ஒரு முனையை மறித்துப் பெரிய மரத்தொட்டிகளில் செடி நட்டது. பெரிய ரோட்டில் சிக்னலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத கார்கள் அதுவரை எங்கள் தெருவுக்குள் புகுந்து பறந்துகொண்டிருந்தன. அண்ணையின் மனைவி பவளம் அக்காவுக்குச் சீனி வியாதியால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. கார்கள் நின்ற பிறகுதான் அவர் தனியாகத் தெருவில் இறங்கி, தொட்டிகளைத் தடவித் தடவி மூலைக்கடை வரை வரத் தொடங்கினார். பின்னேரங்களில் சனமும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கதைக்கப் பழகியது.

ஆனால் அது வெள்ளோட்டம்தான். ஒருநாள் பின்னேரம் அதிகாரி வந்து பார்ப்பார், சனம் அந்த இடத்தில் புழங்கினால் தொட்டிகள் இருக்கும், வெறிச்சோடிக் கிடந்தால் தூக்கிவிடுவோம் என்றார்கள். மூலைக்கடைச் செல்வம் தூக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "கார் வராட்டி என்ர கடைக்கு ஆர் வாறது?" அண்ணைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. அண்ணைக்கு நித்திரையும் போனது. "தொட்டி போனால் இவள் திரும்பவும் வீட்டுக்குள்ளதான் அடைஞ்சு கிடக்க வேணும்," என்றார் என்னிடம். அன்று அவர் வலெட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அதிகாரி வரும் நாளும் வந்தது. சனம் வழக்கம்போல் உட்கார்ந்து கதைத்திருந்தால் போதும். நாங்கள் விடுவோமா? தெருவைக் கழுவினோம். கோயிலிலிருந்து கதிரைகள் வந்தன. நிறைகுடம் வைத்து, குத்துவிளக்குக் கொளுத்தினோம். காற்று அணைக்க அணைக்க நாங்களும் கொளுத்திக்கொண்டே இருந்தோம். நடுவில், அதிகாரிக்கென்று, கல்யாண மண்டபத்துச் சிவப்பு வெல்வெட் கதிரை. சனம் முழுவதும் பட்டுச் சேலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாய் நடைபாதையில் வரிசை கட்டி நின்றது. சன நெரிசலில் தடுக்கி விழப்போகிறார் என்று அக்காவை மட்டும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார் அண்ணை.

அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். இளம்பெண். அண்ணை வெல்வெட் கதிரையைக் காட்டினார். சும்மா பார்க்கத்தான் வந்தேன், நீங்கள் எப்போதும்போல் இருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நின்றுகொண்டார்.

அங்கேதான் வந்தது வினை. அதிகாரி நிற்கும்போது நாங்கள் உட்காருவதா? ஒருவரும் அசையவில்லை.

"இருங்கோவன்!" அண்ணை பல்லைக் கடித்தபடி கெஞ்சினார்.

"அவ நிக்கிறா அண்ணை, மரியாதையில்லை," என்றது சனம்.

வெற்றுக் கதிரைகள். நடைபாதை நிறையச் சனம், நடுத்தெரு மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது. அந்தப் பெண் போனில் ஏதோ தட்டினார். கடை வாசலில் செல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணையின் நெற்றியில் வேர்வை. முடிந்தது கதை என்றே நினைத்தேன்.

அப்போது தொட்டியைத் தடவியபடி பவளம் அக்கா வந்தார். வீட்டில் இருக்கச் சொன்னால் இருக்கிற ஆளா அவர்? கையில் முதலில் தட்டுப்பட்டது வெல்வெட் கதிரை. அதில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"என்ன, இண்டைக்கு ஒருத்தரையும் காணேல்ல? கதிரை மட்டும் மெத்தையாயிருக்கு!"

யாரோ சிரித்தார்கள். அதிகாரி அருகில் வந்து, தினமும் தனியாகவா வருகிறீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஓம் பிள்ளை. முந்தி இவற்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வருவன். கையைப் பிடிச்சால் கதையையும் கேக்க வேணுமெல்லே? இப்ப கார் இல்லை. நிம்மதியா நானே வாறன்."

அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி உட்கார்ந்த பிறகு சனத்துக்கு என்ன தடை? கதிரை போதவில்லை. கடைசியில் செல்வம் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார். "அக்கா தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றார், அண்ணையின் முகத்தைப் பார்க்காமல்.

தொட்டிகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

அன்று கதிரைகளை அடுக்கும்போது அண்ணையைச் சீண்டினேன். "என்ன அண்ணை, வலெட்டாவில இப்பிடி நடக்குமோ?"

தெருவில் தனியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க நான் வேலை முடிஞ்சு அந்த வாசலுகளைத் தாண்டித்தான் நடந்து போவன் தம்பி. எல்லாரும் கதிரை போட்டு இருப்பினம். ஒருத்தரும் என்னை 'வா, இரு' எண்டு சொல்லேல்ல."

இப்போது இருவரும் லண்டனின் மறுகோடியில், கிங்ஸ்பரியில் மகளோடு இருக்கிறார்கள். மிச்சத்திலிருந்து டிராம், ரயில் என்று மாறி மாறிப் போய்ச் சேரவே அலுத்துவிடும். கதவைத் திறந்ததும் அண்ணை "வலெட்டாவில..." என்று தொடங்குவார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருவேன்.