கொந்தெஸ்ஸா நல்லா இருக்கிறா

சிஞ்ஞோராவின் பாம்பு செத்துக் கிடந்தது.

மரியமலர் விளக்குமாற்றுத் தடியால் இரண்டு தரம் மெல்லத் தட்டிப் பார்த்தாள். நான்கு வருடமாக அந்த வீட்டில் துப்புரவு வேலை செய்து, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூசி துடைத்தவள் அவள். உள்ளே இருந்தது அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். இன்றைக்குத்தான் முதன்முறையாக, அது கொஞ்சம் அசைந்தால் நல்லது என்று தோன்றியது. அசையவில்லை.

கை தடிப்பில், கபில நிறத்தில் பொன்திட்டுகளோடு இருந்த சின்ன மலைப்பாம்பு. பெயர் கொந்தெஸ்ஸா. இத்தாலியில், பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்துக் கட்டடமொன்றில், இளைப்பாறிய லத்தீன் ரீச்சரான சிஞ்ஞோரா லுச்சியா அதைப் பன்னிரண்டு வருடமாக வளர்த்தார். இந்த வருட வசந்தத்தில் கத்தானியா நகரிலிருந்து ஒருவர் ஆண் பாம்பொன்றைக் கொண்டுவந்து ஒரு கிழமை விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து சிஞ்ஞோராவின் வாயில் முட்டை தவிர வேறு கதை இல்லை. முந்தின நாள் பின்னேரந்தான், மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஜெனோவாவுக்குக் கப்பலேறியிருந்தார். திரும்பிவர இரண்டு மாதத்துக்கு மேலாகும்.

மரியமலர் குனிந்து பார்த்தாள். பெட்டியின் சூட்டு விளக்குக்குப் போகும் பிளக் நிலத்தில் கிடந்தது.

அவளுக்குக் கடைசியாக வந்தபோது ஸ்திரிக்கைப் பெட்டியைச் செருகுவதற்காக அந்த பிளக்கைக் கழற்றியது ஞாபகம் இருந்தது. திரும்பச் செருகியது ஞாபகம் இல்லை. ஆக, கொந்தெஸ்ஸாவைக் கொன்றது மன்னார் மரியமலர்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. கப்பலிலிருந்து சிஞ்ஞோரா.

“மரியா,” என்று சிஞ்ஞோரா தயங்கித் தயங்கித் தொடங்கினார். “கொந்தெஸ்ஸா…”

“நல்லா இருக்கிறா, சிஞ்ஞோரா. இப்பதான் எலி ஒண்டு சாப்பிட்டவ.”

தான் எப்படி அதைச் சொன்னாள் என்று மரியமலருக்கே தெரியாது. மறுபக்கத்தில் சத்தமே இல்லை. கடலில் சிக்னல் இல்லையாக்கும் என்று நினைத்தாள்.

“சாப்பிட்டவளா?”

“ஓம். முழுசா.”

பிறகு சிஞ்ஞோரா மிகவும் மென்மையான குரலில், நீயும் நன்றாகச் சாப்பிடு, வேலையைப் பிறகு பார்க்கலாம், கொஞ்சம் படுத்து ஓய்வெடு என்று சொல்லிவிட்டு வைத்தார். இப்படிப்பட்ட மனுசிக்குப் பொய் சொன்னேனே என்று மரியமலர் அழுதாள். அடுத்த மாதம் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டும் என்பதும் அந்த அழுகையில் கொஞ்சம் கலந்திருந்தது.

அழுது முடித்து, சமையல் கையுறை இரண்டு சோடியை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பாம்பைத் தூக்கினாள். சுருளுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஆறு முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

அவள் அங்கேயே முடிவெடுத்தாள். சிஞ்ஞோரா வரும்போது முதலில் அவர் கையில் குட்டிகளைக் கொடுப்பது. அதற்குப் பிறகுதான் தாயின் செய்தியைச் சொல்வது. கொந்தெஸ்ஸாவைச் சீலையில் சுற்றி, பிரீசரில் பட்டாணிப் பைக்குக் கீழே வைத்தாள்.

யோசனை கேட்க ஓர் ஆள் இருந்தது. சீசா என்ற பகுதியில், மரியமலரின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த நாகபூசணி, மிருக வைத்தியர் ஒருவரின் இடத்தில் துப்புரவு வேலை செய்தாள். அவள் டொக்டரிடம் ‘தெரிஞ்ச ஆக்கள் ஒராளுக்காக’ என்று கேட்டுவிட்டு அழைத்தாள். முட்டையைப் புரட்டக்கூடாது, புரட்டினால் உள்ளே இருப்பது செத்துவிடும். முப்பத்தொரு பாகை சூடு வேண்டும். ஈரம் வேண்டும். எட்டுக் கிழமை செல்லும்.

“நான் உங்கடை வீட்டுக்கை மட்டும் வரமாட்டன், அக்கா,” என்றும் சொன்னாள். “எனக்குப் பாம்பெண்டால் சரியான பயம்.”

அந்த விளக்கை மரியமலர் இனி நம்பத் தயாராக இல்லை. முட்டைகளைக் கேக் பெட்டியொன்றில் ஈரத் துணியின்மேல் வைத்து, வீட்டுக்கே கொண்டுபோகப் புறப்பட்டாள். பஸ்ஸில் ஒரு கிழவர் அதைப் பிறந்தநாள் கேக் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். இன்னும் பிறக்கவில்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள். கிழவர் அவள் வயிற்றைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது முகத்தையும் பார்த்தார். பிறகு பஸ் முழுவதற்கும் கேட்கும்படி வாழ்த்தினார்.

கணவன் ஞானசேகரம் துறைமுகத்தில் வேலை. விசயத்தைக் கேட்டவன் மறுநாள் பாரமில்லாத வெள்ளை நுரையாலான றெஜிபோம் மீன்பெட்டி ஒன்றோடு வந்தான். சூடு நிற்கும் என்றான். உள்ளே சுடுதண்ணீர்ப் போத்தல்களை வைத்தார்கள். சூடு நின்றது. மீன் வாசமும் நின்றது. இரண்டு மணித்தியாலத்தில் சீசாவின் பூனைகள் எல்லாம் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பெட்டியைத் தேசிக்காய் போட்டுக் கழுவி, போத்தலுக்குப் பதிலாக மின்சாரப் போர்வையைச் சுற்றினார்கள். பூனைகள் போய்விட்டன. ஆனால் கட்டடம் முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பை மூட்டிய நேரத்தில் அந்தப் பழைய போர்வை ‘டப்’ என்றது. நான்கு மாடியும் இருண்டது. எல்லோரும் டோர்ச்சோடு இறங்கிவந்து இவர்கள் கதவுக்கு முன்னால் நின்றார்கள். போர்வை சுற்றிய பெட்டிக்குள் என்ன என்று மூன்றாம் மாடிப் பீனா கேட்டாள்.

ஞானசேகரம் வாயைத் திறக்கமுன் மரியமலர் சொன்னாள், “தயிர். எங்கடை ஊர்த் தயிர். சூட்டிலை வைச்சால்தான் உறையும்.”

ஊர்த் தயிர் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தங்களுக்கும் ஆசை என்றாள் பீனா. எல்லோரும் ஓம் என்றார்கள்.

எனவே மறுநாள் தயிரும் வேண்டியதாயிற்று. மரியமலர் ஏழு லீற்றர் பால் வாங்கி உறைய வைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். அது அவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் கிண்ணங்களோடு வந்து கதவைத் தட்டத் தொடங்கினார்கள். நாளுக்கு நாள் தயிர்ச் சட்டிகள் பெருகின. புதிய போர்வைக்குள் முட்டைப் பெட்டி, மேசையில் தயிர்ச் சட்டிகள், நடுவில் சாப்பிட இடமில்லாத ஞானசேகரம்.

“பாம்பை வளக்கிறதெண்டால் வளப்பம்,” என்றான் அவன். “இந்தக் கட்டடத்தை ஏன் வளக்கிறாய்?”

மன்றாட்டிலும் சிக்கல் வந்தது. வீட்டிலிருந்த மாதா சுரூபம் பாம்பின் தலையை மிதித்துக்கொண்டு நின்றது. அந்தத் தாயிடம் போய்ப் பாம்புக் குஞ்சுகளைக் காப்பாற்று என்று எந்த முகத்தோடு கேட்பது? மரியமலர் இரண்டு நாள் யோசித்து, விண்ணப்பத்தை நகரின் காவல் புனிதையான சாந்தா றொசாலியாவிடம் மாற்றினாள்.

சிஞ்ஞோரா நாள்தோறும் அழைத்தார். முட்டை இட்ட விசயத்தை மறைக்க மரியமலருக்கு மனம் வரவில்லை.

“ஆறு முட்டை, சிஞ்ஞோரா.”

“ஆர் இட்டது?”

“கொந்தெஸ்ஸாதான். வேறை ஆர்?”

அதற்குப் பிறகு சிஞ்ஞோரா பாம்பைப் பற்றிக் குறைவாகவும் மரியமலரைப் பற்றிக் கூடுதலாகவும் கேட்டார். நித்திரை வருகிறதா, தலையிடி உண்டா, வெயிலில் தொப்பி போடுகிறாளா. ஒருநாள், தனக்குத் தெரிந்த நல்ல டொக்டர் ஒருவர் இருக்கிறார், சும்மா போய்க் கதைத்துவிட்டு வந்தால் மனதுக்கு இதம் என்றார். ஜெனோவா மகள்கூடத் தொலைபேசியை வாங்கி, கைக்குழந்தை கத்தக் கத்த, அம்மா உங்களை மிகவும் நேசிக்கிறா என்று சொன்னாள். ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் மரியமலர் குற்ற உணர்ச்சியில் இன்னும் ஒரு சட்டி தயிர் உறைய வைத்தாள்.

எட்டாம் கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் புறப்பட்டவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு முட்டையில் மெல்லிய கீறல். கீறலுக்குள் சுண்டுவிரல் நுனியளவு தலை ஒன்று வெளியே வந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் கட்டடமே வந்துவிட்டது. தயிர்க் கிண்ணத்தோடு வந்த பீனா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கிண்ணத்தை நழுவவிட்டாள். இரண்டு மாதமாகச் சொன்ன பொய் அங்கே உடைந்தது. ஆனால் யாருக்கும் கோபப்பட நேரமில்லை, இரண்டாவது முட்டையும் கீறிக்கொண்டிருந்தது. பூசை தவறியது. சூடு குறையக்கூடாது என்று பீனாவே ஓடிப்போய் யன்னல்களைச் சாத்தினாள். நாகபூசணி படிக்கட்டில் நின்றபடி எத்தனை, எத்தனை என்று கேட்டுக் கேட்டு, நான்காவதுக்குப் பிறகு தாங்கமுடியாமல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐந்து குட்டிகள் அன்றைக்கே வெளியே வந்தன. ஆறாவது செவ்வாய்க்கிழமைவரை யோசித்துவிட்டு வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கையுறை போடாமல், மரியமலர் அந்தக் கடைக்குட்டியை உள்ளங்கையில் ஏந்தினாள். அது அவளுடைய விரலைச் சுற்றிக்கொண்டது. அவளுக்குப் பயம் வரவில்லை.

“இஞ்சருங்கோ,” என்று கணவனைக் கூப்பிட்டாள். “இது என்னைப் பிடிச்சுக்கொண்டிருக்குது.”

ஞானசேகரம் படம் எடுத்தான். கதவுக்கு வெளியே நின்றபடிதான்.

சிஞ்ஞோரா வந்து இறங்கிய அன்று, மரியமலர் ஆறு குட்டிகளோடும் பொலிதேயாமா வீட்டுக்குப் போய்க் காத்திருந்தாள். சொல்லவேண்டியதை இத்தாலியனில் பாடமாக்கியிருந்தாள். சிஞ்ஞோரா உள்ளே வந்தார். கட்டடக் காவலாளி டொன் தானோ பின்னால் சூட்கேசுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிஞ்ஞோரா முதலில் மரியமலரின் இரண்டு கன்னங்களையும் பிடித்து, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார்.

மரியமலர் பெட்டியைத் திறந்தாள்.

சிஞ்ஞோரா கதிரையில் பொத்தென்று இருந்தார். ஒவ்வொரு குட்டியாகத் தொட்டார். எண்ணினார். திரும்பவும் எண்ணினார். சிரித்தார், அழுதார், மரியமலரின் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு பல்கனிக்கு ஓடி, “உண்மை! எல்லாம் உண்மை!” என்று ஜெனோவாவுக்குக் கேட்கிற மாதிரி மகளிடம் கத்தினார்.

மரியமலருக்குப் பாடமாக்கிய வசனம் இன்னும் பாக்கி இருந்தது. இவ்வளவு சந்தோசமாக இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? அவள் டொன் தானோவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். “கொந்தெஸ்ஸா செத்துப் போச்சுது, டொன் தானோ. இதை நான் இவவுக்கு என்னெண்டு சொல்லுறது?”

டொன் தானோ சூட்கேசுகளைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“வெளிக்கிடுற நேரத்திலை அது செத்ததைக் கண்டு, பிளக்கைக் கழட்டிப்போட்டு, கப்பலிலையிருந்து உனக்குச் சொல்லுறன் எண்டுதான் சிஞ்ஞோரா போனவ, மரியா, நீ அது எலி சாப்பிட்டது எண்டு சொன்ன நாளிலையிருந்து, உன்ரை தலை சுகமாகவேணும் எண்டு இந்தக் கட்டடமே செபமாலை சொல்லிக்கொண்டிருக்குது.”