தையல்காரர் மாத்திரை விழுங்கினாரா?

அன்பும் அவசரமும் கலந்து மைத்துனருக்கு உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பொய் எழுதிப் பழக்கமில்லை. உங்கள் அக்காள் சுகம், நான் சுகம், தையல்காரரைக் காணவில்லை.

எந்தத் தையல்காரர் என்பீர்கள். முன்தெருவில் சின்னக் கடை வைத்திருக்கும் தனிக்கட்டை அவர், கடையிலேயே படுக்கை. காசநோய் கண்டு மருந்து சாப்பிடுகிறார். சுகாதார நிலையத்தில் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்: ஆறு மாதமும் நோயாளி தினம் மாத்திரை விழுங்குவதை அக்கம்பக்கத்தார் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தச் சாட்சி வேலைக்கு ஆள் கேட்டு நர்ஸம்மா வந்தபோது நான்தான் முந்திக்கொண்டேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். “வச்சிருக்கேன் சார்” என்பவனிடம் “எடுங்க பாப்போம்” என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். என்னை விட்டால் இதற்கு வேறு யார்?

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடை திறந்ததும் போய் நிற்பேன், அவர் மாத்திரையை வாயில் போடுவார், நான் நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பேன், கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிற ஆசாமிகள் உண்டல்லவா, பிறகு, நடுவில் மருந்தை விட்டால் கிருமி முன்னைவிட முரடாகத் திரும்பும், இந்த மாத்திரைக்கெல்லாம் மசியாது என்று சின்னதாக ஓர் உபதேசம் செய்வேன். சின்னது என்று நான்தான் சொல்கிறேன். ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டே அவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, கன்னத்தில் சதை போட்டது. அப்போதுதான் எனக்குக் கவலை பிடித்தது. உடம்பு தேறினவர்தான் மருந்தை விடுவார் என்று நர்ஸம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆகவே கண்காணிப்பை இறுக்கினேன்.

நான் அப்படி டார்ச்சும் கையுமாக நின்ற ஒரு காலையில், மகள் கல்யாணத்துக்குத் தைக்க ஓர் அம்மாள் துணி மூட்டையோடு வந்தார். “என்னங்க, பல்லு வலியா?” என்று கேட்டார். மறைப்பானேன் என்று நானே விவரமாகச் சொன்னேன். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர், இனி இவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்பதையும் விளக்கத்தான் விளக்கினேன். அதற்குள் அந்த அம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டிவிட்டார். ஜனங்களுக்கு எவ்வளவு அறியாமை பாருங்கள்! தையல்காரர் “சரிங்க சார், போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார். மறுநாள் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது.

இன்றோடு மூன்று நாள். தட்டினேன், கத்தினேன், ஷட்டரில் காதை வைத்துக் கேட்டேன். மிஷின் சத்தம் இல்லை. பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் என் முகத்தைப் பார்க்காமலே, “பையோட கெளம்பினாருங்க, தங்கச்சி வீட்டுக்குப் போல” என்றார். அந்தத் தங்கச்சி இருப்பது உங்கள் ஊர்! நர்ஸம்மா போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார். பேருந்து நிலையத்தில் தையல்காரரின் முதுகு மாதிரியே ஒரு முதுகைப் பார்த்து ஓடிப்போய்ப் பிடித்து, “மாத்திரை போட்டீங்களா?” என்றேன்; திரும்பியவர் யாரோ. அவர் சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது. உங்கள் அக்காளிடம் புலம்பினால், “மொதல்ல சாப்பிடுங்க” என்கிறாள். எங்கே இறங்குகிறது? என் கண்காணிப்பில் இருந்த ஆள் கை நழுவிப் போய்விட்டார் என்று ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். எனக்குப் பயம் அதில்லை, மாப்பிள்ளை. தேறி வந்த மனுஷன் செத்துப்போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஆகையால் கடிதம் கண்ட கையோடு, கட்டின வேட்டியும் போட்ட சட்டையுமாக அப்படியே கிளம்பி, ஊரெல்லாம் விசாரித்து அவரைக் கண்டுபிடியுங்கள். மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டால் மூக்கைப் பிடியுங்கள், வாய் தானாகத் திறக்கும். டார்ச் மறக்க வேண்டாம்.

பிள்ளைகள் இருமல் சளி அண்டாமல் நூறு வயது வாழட்டும். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பாதி உயிரோடு இருக்கும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: எங்கும் கிளம்ப வேண்டாம். உறையை ஒட்டுமுன் இதை உங்கள் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். மூக்கைப் பிடிக்கிற இடம் வந்ததும், “போதுங்க, என் தம்பியையும் இதுல இழுக்காதீங்க. அவரு மாத்திரைய விடல. உங்களத்தான் விட்டாரு” என்றாள். கடைக்குப் பின்கதவு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் எதிரே எங்கள் சமையலறை. நான் முன்தெருவில் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், தையல்காரர் என் வீட்டுச் சமையலறையில் நின்று, என் மனைவி பார்க்க, மாத்திரை விழுங்கியிருக்கிறார்! நர்ஸம்மாவிடம் சொல்லி முறைப்படி சாட்சியையும் மாற்றியாயிற்றாம். மிஷின் ஓடினால் எனக்குக் கேட்டுவிடும் என்று மூன்று நாளும் கையாலேயே காஜா எடுத்துக்கொண்டிருந்தாராம்.

“நான் பட்ட பாட்டப் பாத்துட்டுமா சும்மா இருந்த?” என்றேன்.

“அந்தம்மா மூட்டையத் தூக்கிட்டுப் போனப்ப அவரு பட்ட பாட்ட நீங்க பாத்தீங்களா?” என்றாள்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். அழுகை வந்துவிட்டது. மனுஷன் ஒருநாள்கூட விடவில்லை, மாப்பிள்ளை! இவ்வளவும் எழுதிவிட்டதால் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். நாளை முதல் சமையலறைக்குள் என்னையும் விடுவார்களாம். தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். அவர் விழுங்கும்போது மட்டும் நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்ள வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.